ஷாக்குக்கு விட்ட இடம்

ஒர்க்‌ஷாப் மேசைமேல் இரண்டு ஃபோர்க்குகளைப் பக்கம் பக்கமாகப் படுக்க வைத்திருக்கிறேன். ஒன்று 1980களின் மவுண்டன் பைக்கிலிருந்து கழற்றியது. வெறும் ஸ்டீல் குழாய். உள்ளே ஸ்பிரிங் கிடையாது, எண்ணெய் கிடையாது. இன்னொன்று 100 மில்லிமீட்டர் அமுங்கும் ஷாக் ஃபோர்க். டேப்பின் ஒரு முனையை ஆக்ஸில் உட்காரும் இடத்தின் நடுவில் வைத்து, மறுமுனையை ஃபோர்க்கின் தோளுக்கு, அதாவது ஹெட்செட்டின் கீழ்ப் பேரிங் வந்து உட்காரும் கிரவுனுக்கு இழுக்கிறேன். முதலாவது 395 மி.மீ. இரண்டாவது 470.

வித்தியாசம் 75 மி.மீ. கிட்டத்தட்ட நான்கு விரல் அகலம். பழைய ஃபிரேமில் புது ஃபோர்க்கை மாட்டினால் வண்டியின் முகம் இந்த நான்கு விரல் அளவுக்கு வானத்தைப் பார்க்கும். புது ஃபிரேமில் பழைய ஃபோர்க்கை மாட்டினால் அதே அளவுக்குத் தரையில் குப்புற விழப் பார்க்கும். இரண்டு ஃபிரேம்களையும் சுவரில் சாய்த்து வைத்தால் சட்டென்று வித்தியாசம் தெரியாது. இரண்டும் முக்கோணம்தான், இரண்டிலும் 26 அங்குலச் சக்கரம்தான். ஆனால் ஒன்றில் ஷாக்குக்கு இடம் விட்டிருக்கிறது, மற்றதில் இல்லை. இடம் விட்டுச் செய்ததைத் தொழிலில் 'சஸ்பென்ஷன் கரெக்டட்' ஃபிரேம் என்பார்கள். ஷாக் ஃபோர்க் எப்படிப் பிறந்தது என்பதைச் சைக்கிள்காரர்கள் அடிக்கடி பேசிக்கொள்வார்கள். அதற்கு இடம் ஒதுக்கிய ஃபிரேம் எப்படிப் பிறந்தது என்று பேசுகிறவர்கள் குறைவு. எனக்கு இந்த இரண்டாவது கதைதான் பெரிதாகப் படுகிறது.

கலிபோர்னியாவின் மரின் கவுண்டியில், சான்பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே, டமல்பையஸ் மலை இருக்கிறது. 1970களில் அங்கிருந்த இளைஞர்கள் இரண்டாம் உலகப் போருக்கு முன்பு செய்த ஷ்வின் எக்ஸெல்சியர் போன்ற கனத்த சைக்கிள்களைத் தேடிப் பிடித்து, மட்கார்டு முதற்கொண்டு கழற்றி எறிந்துவிட்டு, தீயணைப்பு வண்டிகளுக்காக வெட்டிய மண்பாதைகளில் உருட்டிவிட்டார்கள். 1976 அக்டோபர் 21ஆம் தேதி ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்கு மேலே ஒரு பாதையில் போட்டியே வைத்துவிட்டார்கள். இரண்டு மைல் தூரத்துக்குள் சுமார் 1300 அடி இறக்கம். பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் ஹப் பிரேக். கீழே வந்து சேர்வதற்குள் சூட்டில் கிரீஸ் புகைந்து தீர்ந்துவிடும். ஒவ்வொரு முறையும் ஹப்பைப் பிரித்துப் புதுக் கிரீஸை அடைக்க வேண்டும். அப்படி மறுபடி அடைப்பதை ஆங்கிலத்தில் 'ரீபேக்' என்பதால் பாதைக்கே அந்தப் பெயர் விழுந்தது. சார்லி கெல்லி நடத்தினார். கேரி ஃபிஷர், ஜோ பிரீஸ் எல்லாம் ஓட்டினார்கள். பழைய ஃபிரேம்கள் உடைந்துகொண்டே இருந்ததால் 1977இல் ஜோ பிரீஸ் இதற்கென்றே ஒரு ஃபிரேமைப் பற்றவைத்தார். 1981இல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனத்தின் ஸ்டம்ப்ஜம்பர் கடைக்கு வந்தது. அதன் பிறகு மவுண்டன் பைக் எவரும் கடையில் போய் வாங்கக்கூடிய பொருளானது.

இந்த வண்டிகள் எதிலும் முன்னால் ஷாக் இல்லை. தடித்த டயரும் ஓட்டுபவரின் முழங்கையும்தான் ஷாக். ஆகவே ஃபிரேம் செய்கிறவருக்கு முன்சக்கரம் எங்கே நிற்கும் என்பதில் சந்தேகமே கிடையாது. அவர் வரைந்த கோட்டில்தான் நிற்கும், சாகும்வரை. அந்த நம்பிக்கையில்தான் கோணங்களை நிர்ணயித்தார்கள். பழைய எக்ஸெல்சியரின் சாய்வான முகம் படிப்படியாக நிமிர்ந்தது. 1983இல் அமெரிக்காவில் நார்பா என்ற மவுண்டன் பைக் பந்தயச் சங்கம் தொடங்கியது. அந்தப் பந்தயங்களில் ஏற்றமும் வளைவும் அதிகம். சொன்னதும் திரும்பும் வண்டி வேண்டியிருந்தது. 1980களின் பிற்பாதிக்குள் ஃபோர்க்கைப் பிடித்திருக்கும் ஹெட் டியூபுக்கு 71 டிகிரி, சீட்டைத் தாங்கும் சீட் டியூபுக்கு 73 டிகிரி என்ற ஜோடி கிட்டத்தட்ட எழுதாத சட்டமாகிவிட்டது. நார்பா ஜியோமெட்ரி என்றே அதைச் சொன்னார்கள்.

இந்தக் கச்சிதமான கோணக் கணக்குக்குள் அழையாத விருந்தாளியாக வந்து நுழைந்தது ஷாக் ஃபோர்க்.

பால் டர்னர் மோட்டோகிராஸ் உலகத்து ஆள். மண் தடத்தில் மோட்டார் சைக்கிள் பந்தயம் ஓட்டுகிறவர்கள் முன்சக்கரம் ஸ்பிரிங்கில் குதிப்பதைப் பார்த்தே வளர்ந்தவர்கள். சைக்கிளில் மட்டும் ஏன் மணிக்கட்டு வலிக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதில் ஆச்சரியமில்லை. 1987இல் கீத் பான்ட்ரேகரோடு சேர்ந்து முன்னும் பின்னும் ஷாக் வைத்த முழு வண்டி ஒன்றைச் செய்து லாங் பீச் சைக்கிள் கண்காட்சியில் வைத்தார். வந்தவர்கள் பார்த்தார்கள், கடந்து போனார்கள். பிறகு மோட்டார் சைக்கிள் ஷாக் வேலையில் தேர்ந்த ஸ்டீவ் சைமன்ஸும் டர்னரும் கூட்டுச் சேர்ந்து 1989இல் ராக்‌ஷாக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். முதல் பொருள் ஆர்எஸ்-1. காற்றும் எண்ணெயும் கொண்டு இயங்கும், 2 அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவாக அமுங்கும் ஒரு ஃபோர்க்.

முழு வண்டியைக் காட்டிய மனிதர் ஃபோர்க்கை மட்டும் விற்க வந்ததுதான் கதையின் திருப்பம். முழு வண்டியாக விற்றால் ஃபிரேமையும் ஃபோர்க்கையும் ஒரே தாளில் வரையலாம். ஃபோர்க்கை மட்டும் விற்றால், அது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பல்லாயிரம் வண்டிகளில், 395 மி.மீ. என்று நம்பிச் செய்த ஃபிரேம்களில், பொருந்த வேண்டும். வீட்டுக்குப் புது மருமகள் வருவதற்கு முன்பே நிலைப்படியின் உயரம் முடிவாகிவிட்ட கதை.

ஷாக் ஃபோர்க் ஏன் நீளமாக இருந்தே தீர வேண்டும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு. ஃபோர்க் கடைசிவரை அமுங்கும்போது டயர் கிரவுனில் இடிக்கக் கூடாது. இடித்தால் சக்கரம் நின்றுவிடும், ஓட்டுபவர் ஹேண்டில்பாருக்கு மேலே பறப்பார். 26 அங்குலச் சக்கரத்தில் ஆக்ஸிலிலிருந்து டயரின் விளிம்புவரை சுமார் 335 மி.மீ. அதற்கு மேல் கொஞ்சம் இடைவெளி, கிரவுனின் சொந்தத் தடிமன், எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 370. முழுக்க அமுங்கிய நிலையிலேயே இவ்வளவு. இதன் மேல் எத்தனை மி.மீ. அமுங்க வேண்டுமோ அத்தனையைக் கூட்டுங்கள்: 50 அமுங்க வேண்டும் என்றால் 420, 80 என்றால் 450, 100 என்றால் 470. அமுங்கும் இந்தத் தூரத்தைத்தான் 'ட்ராவல்' என்கிறோம். ட்ராவலைக் கூட்டினால் நீளம் கூடும், தப்பிக்க வழியில்லை. கம்பெனிக்குக் கம்பெனி நாலைந்து மி.மீ. முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான்.

ஆகவே ஆர்எஸ்-1இன் இரண்டு அங்குலத்துக்குள் ஒரு அடக்கம் இருந்ததாகவே நான் நினைக்கிறேன். பழைய ஃபோர்க்கைவிட இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர்தான் உயரம். ஓட்டுபவர் ஏறி உட்கார்ந்ததும் ஷாக் தானாகக் கொஞ்சம் தணியும். 'ஸாக்' என்று சொல்லும் அந்தத் தணிவு வழக்கமாக ட்ராவலில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து நாலில் ஒரு பங்குவரை இருக்கும். அந்த ஒரு சென்டிமீட்டரையும் கழித்தால் பழைய ஃபிரேம் பொறுத்துக்கொள்ளும் அளவுதான் மிஞ்சும்.

1990இல் கொலராடோவின் டுராங்கோவில் முதல் அதிகாரபூர்வ உலக மவுண்டன் பைக் சாம்பியன்ஷிப் நடந்தது. இறக்கப் பந்தயத்தில் கிரெக் ஹெர்போல்ட் ராக்‌ஷாக்ஸ் ஃபோர்க்கோடு வந்து தங்கம் வென்றார். அதுவரை 'மோட்டார் சைக்கிள் மோகம்' என்று ஒதுக்கியவர்களும் கடையில் விலை விசாரிக்க ஆரம்பித்தார்கள். கண்காட்சியில் முழு வண்டியாகச் சாதிக்க முடியாததை ஃபோர்க் தனியாகச் சாதித்துவிட்டது. ஆளுக்கொரு ஃபோர்க் வாங்கித் தங்கள் பழைய ஃபிரேமில் மாட்டினார்கள்.

மாட்டியவர்களின் வண்டிக்கு என்ன ஆனது என்று கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்; விஷயத்தின் உயிரே இங்கேதான் இருக்கிறது.

சைக்கிளை இரண்டு சக்கரங்களின் மேல் நிற்கும் பலகையாக நினைத்துக்கொள்ளுங்கள். முன் பக்கத்தை 2 சென்டிமீட்டர் தூக்கினால் பின் ஆக்ஸிலைச் சுற்றி ஃபிரேம் முழுவதும் சுழல்கிறது. அந்தக் கால வண்டியில் இரண்டு ஆக்ஸில்களுக்கும் இடையே சுமார் 105 சென்டிமீட்டர். ஆகவே 20 மி.மீ. ஃபோர்க் நீளம் என்பது ஏறக்குறைய ஒரு டிகிரி. ஹெட் டியூப் 71இலிருந்து 70க்குச் சாயும். அது மட்டுமல்ல, சீட் டியூபும் அதே ஒரு டிகிரி பின்னே சாயும். பெடல் சுழலும் நடு அச்சும் 7, 8 மி.மீ. தரையிலிருந்து எழும்பும். ஒரு இடத்தில் தொட்டால் எல்லா இடமும் நகரும். வீட்டின் ஒரு தூணுக்கு அடியில் மட்டும் ஜாக்கி வைத்துத் தூக்கினால் கதவு, ஜன்னல் எல்லாம் ஒன்றாகக் கோணுமே, அதே மாதிரி.

ஒரு டிகிரி என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். ஆஸ்பத்திரி ஸ்ட்ரெச்சரின் சின்னச் சக்கரத்தைப் பாருங்கள். அது சுழலும் அச்சு முன்னே போகும், சக்கரம் பின்னால் இழுபடும். அதனால்தான் தள்ளினால் நேராகப் போகிறது. சைக்கிளிலும் இதுதான் நடக்கிறது. ஹெட் டியூபின் நடுக்கோட்டைத் தரைவரை நீட்டினால், டயர் தரையைத் தொடும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் போய்ப் படும். இந்த இடைவெளியை 'ட்ரெயில்' என்கிறார்கள். 71 டிகிரியில், ஆக்ஸில் அந்த நடுக்கோட்டைவிட்டு 38 மி.மீ. முன்னே தள்ளி நிற்கும் (இதுதான் 'ஆஃப்செட்') அந்தக் காலத்து ஃபோர்க்கில், இது சுமார் 75 மி.மீ. 70 டிகிரியில் 81ஐத் தாண்டிவிடும், 69இல் 88க்கு வந்துவிடும். ட்ரெயில் கூடக்கூட வண்டி வேகத்தில் நேர்கோடு பிடிக்கும். இறக்கத்தில் அது வரம். ஏற்றத்திலோ மெதுவான வேகத்தில் ஹேண்டில்பார் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தொங்கும், முன்சக்கரம் போதையேறியவன் போல அலையும்.

கூடவே சீட் பின்னால் சாய்ந்துவிட்டது. ஓட்டுபவரின் எடை பின்சக்கரத்தின்மேல் இறங்கிவிட்டது. ஹேண்டில்பாரும் உயர்ந்துவிட்டது. ஏற்கெனவே லேசாக இருக்கும் முன்சக்கரம் செங்குத்தான இடத்தில் தரையைவிட்டு எழும்பப் பார்க்கும். ஏற்றப் பந்தயத்துக்காகவே நிமிர்த்திவைத்த 71-73 கணக்கை, இறக்கத்துக்காக வந்த ஃபோர்க் சத்தமில்லாமல் கலைத்துவிட்டது.

ஃபிரேம் செய்கிறவர்கள் இதைக் கண்டுகொள்ள அதிக நாள் ஆகவில்லை. 1990களின் தொடக்கத்திலேயே அவர்கள் செய்த காரியம், கேட்டால் மிகச் சின்னது: வரைபடத்தில் முன்சக்கரத்தை அதே இடத்தில் வைத்துக்கொண்டு, ஹெட் டியூபின் கீழ் விளிம்பை மேலே ஏற்றினார்கள். ஹெட் டியூப் குட்டையானது. கீழிருந்து வந்து சேரும் டவுன் டியூப் இன்னும் நிமிர்ந்து ஏறியது. ஃபிரேமை மட்டும் தனியாகப் பார்த்தால் முன்பக்கம் வெட்டி எடுத்த மாதிரி, எதையோ எதிர்பார்த்து நிற்கிற மாதிரி இருக்கும். நீளமான ஃபோர்க்கை மாட்டினால் 71 டிகிரி மறுபடி 71 டிகிரியே. ஓட்டுபவர் ஏறி உட்கார்ந்து ஷாக் தணிந்த பிறகு எந்தக் கோணம் வர வேண்டும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட்டார்கள்.

அதுவரை ஃபோர்க் என்பது ஃபிரேமோடு கூடப் பிறந்தது. ஃபிரேம் செய்தவரே ஃபோர்க்கையும் வளைத்துப் பற்றவைத்து, ஒரே வண்ணம் அடித்துக் கொடுப்பார். இப்போது, முதன்முறையாக, இன்னொரு ஊரில் இன்னொருவர் செய்யும், அடுத்த வருஷம் மாறப்போகும் ஒரு பொருளுக்காக ஃபிரேமில் வெற்றிடம் ஒதுக்கினார்கள். எனக்கு இதில் ஒரு பெருந்தன்மை தெரிகிறது. ஒரு கைவினைஞர் தன் படைப்பில் அடுத்தவர் வேலைக்கு இடம் விடுவது எளிதில் வரும் குணமல்ல.

ஃபிரேமையும் ஃபோர்க்கையும் பொருத்துவதற்கு வேறு விடைகளும் பிறந்தன. கொலராடோவின் டக் பிராட்பரி தன் மானிட்டு பட்டறையில் அலுமினிய ஃபிரேமையும் செய்தார், ஃபோர்க்கையும் செய்தார். காற்றுக்கும் எண்ணெய்க்கும் பதிலாக ரப்பர் போன்ற எலாஸ்டமர் துண்டுகளை அடுக்கி அமுங்க வைத்தார். இரண்டும் ஒரே கையிலிருந்து வந்ததால் பொருத்தம் பார்க்க அவருக்கு ஜோசியர் தேவைப்படவில்லை. கேனன்டேல் நிறுவனம் 1992 வாக்கில் ஹெட்ஷாக்கைக் கொண்டுவந்தது. அதில் ஸ்பிரிங்கும் அமுங்கும் பகுதியும் ஃபோர்க் கால்களில் கிடையாது, ஹெட் டியூபுக்குள்ளேயே இருந்தன. ஃபிரேமையும் ஃபோர்க்கையும் இனி யாரும் பிரிக்கவே முடியாது என்ற அளவுக்குச் சேர்த்துக் கட்டிவிட்டார்கள். பொறியியலாகப் பார்த்தால் அழகான வேலை. ஆனால் வேறு ஃபோர்க் போட வேண்டும் என்றால் பெரும்பாடு.

சந்தையில் வென்றது இடம் விட்ட ஃபிரேம்தான். யார் செய்த ஃபோர்க்கையும் போடலாம், கெட்டால் மாற்றலாம். ஆனால் எவ்வளவு இடம்? அங்கேதான் அடுத்த தலைவலி.

1995இல் ராக்‌ஷாக்ஸின் ஜூடி வந்தது. இறக்கத்துக்கான ஜூடி 80 மி.மீ. அமுங்கியது. 1997க்கான வண்டிகளோடு இத்தாலியின் மார்ஸோக்கி நிறுவனம் பாம்பர் இஸட்-1 ஃபோர்க்கை இறக்கியது. ஆரஞ்சு வண்ணம், உள்ளே மோட்டார் சைக்கிள் மாதிரிச் சுருள் ஸ்பிரிங்கும் தாராளமான எண்ணெயும், 4 அங்குலம், அதாவது 100 மி.மீ. ட்ராவல். ஓட்டிப் பார்த்தவர்கள் பழைய 2 அங்குலத்துக்குத் திரும்பத் தயாராக இல்லை. 1998இல் இறக்கப் பந்தயத்துக்கு மட்டுமான ராக்‌ஷாக்ஸ் பாக்ஸர் 150 மி.மீ.யைத் தொட்டது. ஃபிரேம்காரர் 50க்கு இடம் விட்டுச் செய்து வண்ணம் காய்வதற்குள் கடையில் 63 இருந்தது. 63க்குத் திருத்தினால் 80 வந்தது. 80க்குத் திருத்தினால் 100. அதனால் 1990களின் பழைய ஃபிரேம் ஒன்று கைக்கு வந்தால் 'ஷாக் போடலாமா' என்று மட்டும் கேட்பது போதாது. எந்த வருஷத்து ஷாக்குக்கு இடம் விட்டது என்று கேட்க வேண்டும்.

நீளம் கூடினால் திசைதிருப்பும் குணம் மட்டும் மாறவில்லை. ஃபோர்க் ஒரு நெம்புகோல். அதன் ஒரு முனை சக்கரத்தில், மறுமுனை ஹெட் டியூபில். 395 இருந்த இடத்தில் 470ஐ மாட்டினால், கம்பி நீண்டதோடு அதன் சாய்வும் கூடிவிடுகிறது. முன்சக்கரம் ஒரு குழியில் விழுந்து தரை மேலே உதைக்கும்போது கிரவுனில் ஏறும் வளைக்கும் விசை, கணக்குப்படி மூன்றில் ஒரு பங்கு கூடும். அந்த விசை போய்ச் சேரும் இடம் டவுன் டியூபும் ஹெட் டியூபும் பற்றவைத்த மூட்டு. அடிப்பக்கம் விரிசல் தலைமயிர் போலத் தொடங்கும், வண்ணம் சுருங்கும், ஒரு நாள் குழாயின் அடியில் ஒரு சின்ன மேடு தட்டுப்படும். அந்த மேட்டை விரலால் தடவிப் பார்த்தவர்களுக்கு அதன் பிறகு அந்த வண்டியில் இறக்கம் இறங்க மனம் வராது. டவுன் டியூபுக்கு அடியில் முக்கோணத் தகடு வைத்துப் பற்றவைக்கும் வழக்கம் பரவியதற்கும், ஃபிரேம் கம்பெனிகள் 'அதிகபட்சம் இத்தனை மி.மீ. ஃபோர்க்' என்று எழுதி, அதை மீறினால் வாரன்டி இல்லை என்று சொல்லத் தொடங்கியதற்கும் இந்த நெம்புகோல்தான் காரணம். அந்த வரியை வியாபாரத் தந்திரம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. தயவுசெய்து அப்படி நினைக்காதீர்கள்.

இடம் விட்ட ஃபிரேமுக்கு இன்னொரு வாரிசும் பிறந்தது. ஷாக் வேண்டாம், பராமரிப்பு வேண்டாம், ஸ்டீல் ஃபோர்க்கே போதும் என்று சிலர் திரும்பி வந்தார்கள். ஆனால் அவர்கள் ஃபிரேமில் ஷாக்குக்கு இடம் விட்டிருக்கிறதே! பழைய 395ஐ மாட்டினால் முகம் தொங்கி, பெடல் கல்லில் இடிக்கும். ஆகவே ஷாக்கின் நீளத்துக்குச் சமமாக, வேண்டுமென்றே கால் நீண்ட ரிஜிட் ஃபோர்க்குகள் செய்தார்கள். அப்படிப்பட்ட வண்டியைப் பக்கத்திலிருந்து பாருங்கள்: டயருக்கும் கிரவுனுக்கும் நடுவே கையை நுழைக்கும் அளவுக்கு வெற்றிடம், அதன் வழியே அந்தப் பக்கத்து மரம் தெரியும். வராத விருந்தாளிக்குப் போட்ட இலை மாதிரி.

ட்ராவலையே ஓட்டுபவர் மாற்றிக்கொள்ளட்டும் என்ற யோசனையும் வந்தது. 2000க்குப் பிறகு ராக்‌ஷாக்ஸ் யு-டர்ன் என்ற திருகியைக் கொடுத்தது. ஃபோர்க்கின் தலையிலுள்ள குமிழைத் திருகினால் கால் குட்டையாகும். ஏற்றம் முடிந்ததும் மறுபடி திருகி நீட்டிக்கொள்ளலாம். ஒரே ஃபிரேமுக்கு இரண்டு முகம்.

பிறகு சக்கரமே பெரிதானது. கேரி ஃபிஷர் போன்றவர்கள் 2000களில் 29 அங்குலச் சக்கரத்தைத் தூக்கிப் பிடித்தபோது, ட்ராவல் எண்ணை மட்டும் பார்த்துப் பொருத்தம் சொன்னவர்கள் திணறிப்போனார்கள். 26 அங்குலத்துக்கான 100 மி.மீ. ஃபோர்க் 470 நீளம் என்றால், 29 அங்குலத்துக்கான அதே 100 மி.மீ. ஃபோர்க் 500ஐத் தாண்டிவிடும். பெரிய டயர் இடிக்காமல் சுழல வேண்டுமே. ஸ்டிக்கரில் இரண்டும் '100' தான். ஃபோர்க்கின் ஆஃப்செட்டையும் 51 மி.மீ.க்கு நீட்டி, பெரிய சக்கரத்தால் கூடிப்போன ட்ரெயிலைக் குறைத்தார்கள். இன்றைய ஃபிரேம்களில் ஹெட் டியூப் 66, 65 டிகிரி என்று சர்வசாதாரணமாகச் சாய்ந்து கிடக்கிறது. அன்றைக்குத் தவறிப்போய்ச் சாய்ந்ததை இன்றைக்கு வேண்டுமென்றே சாய்க்கிறார்கள். ஆனால் சீட்டை நிமிர்த்தி, நடு அச்சைத் தாழ்த்தி, ஹேண்டில்பார் ஸ்டெம்மைக் குட்டையாக்கி, மற்ற எல்லாவற்றையும் அதற்கேற்ப வரைந்த பிறகு சாய்க்கிறார்கள். ஃபோர்க்கை மட்டும் நீட்டிச் சாய்ப்பதற்கும் இதற்கும் உள்ள தூரம், பனியன் கிழிந்ததற்கும் காற்றோட்டத்துக்கு ஜன்னல் வைத்ததற்கும் உள்ள தூரம்.

இதையெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, முதலில் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பழைய அலுமினிய ஃபிரேம் ஒன்று கைக்கு வந்தது. 26 அங்குலச் சக்கரம், 80 மி.மீ. ஷாக்குக்குச் செய்தது. நல்ல விலைக்கு 120 மி.மீ. காற்று ஃபோர்க் கிடைத்ததும் 'அதிகம் இருந்தால் நல்லதுதானே' என்று மாட்டிவிட்டேன். இறக்கத்தில் ராஜா மாதிரி இருந்தது. ஏற்றத்தில் தெரு நாய் குறுக்கே வராமலேயே வண்டி வளைந்து வளைந்து போனது. சீட்டை முன்னால் தள்ளினேன், ஹேண்டில்பாரைக் கீழே இறக்கினேன், கீழ்முதுகில் வலி வந்ததுதான் மிச்சம்.

ஃபோர்க் சர்வீஸுக்குப் போனபோது மெக்கானிக் தம்பி வண்டியைத் தொடவே இல்லை. நாலடி தள்ளி நின்று பார்த்தார்.

"அண்ணே, ஃபிரேமு எத்தனைக்குண்ணே?"

"எண்பதுக்கு."

"போட்டிருக்கிறது நூத்தி இருபது. பார்த்தாலே மூக்கைத் தூக்கிக்கிட்டு நிக்குது பாருங்க. சீட்டு ஏன் இவ்ளோ முன்னாடி தள்ளியிருக்கீங்கன்னு நினைச்சேன்."

கணக்கு அவர் வாயில் இருந்தது. நாற்பது மி.மீ. என்றால் இரண்டு டிகிரி. சீட் உயரத்துக்கு இரண்டு டிகிரி என்றால் உட்காரும் இடம் இரண்டரை சென்டிமீட்டர் பின்னால் போயிருக்கும். நடு அச்சு ஒன்றரை சென்டிமீட்டர் ஏறியிருக்கும். நான் மாதக்கணக்கில் ஸ்பேனரும் கையுமாகத் தேடியதை அவர் நின்ற இடத்திலிருந்தே சொல்லிவிட்டார்.

ஃபோர்க்கை மேசையில் படுக்க வைத்தார். வால்வைத் திறந்ததும் காற்று சீறி வெளியேறியது. அடிப்பக்க போல்ட்டைத் தளர்த்தி, மேலே ஒரு துணியை வைத்து ரப்பர் சுத்தியலால் ஒரு தட்டு. கீழ்க் கால் நழுவியது, பழைய எண்ணெய் தட்டில் கறுப்பாக ஓடியது. உள்ளேயிருந்து ஒல்லியான காற்றுத் தண்டை உருவினார். டிராயரைத் துழாவி இரண்டு பிளாஸ்டிக் வளையங்களை எடுத்தார், ஒவ்வொன்றும் 20 மி.மீ. உயரம், கட்டைவிரல் தடிமன். தண்டில் அவற்றை டப், டப் என்று கோத்தார். தண்டு இனி அந்த அளவுக்கு வெளியே வராது. புது எண்ணெய் விட்டு மூடினார்.

டேப்பை என் கையில் கொடுத்தார். ஆக்ஸில் நடுவிலிருந்து கிரவுன்வரை இழுத்தேன். 450.

அன்று சாயங்காலம் அதே ஏற்றத்தில், அதே கியரில், சீட்டைப் பழைய இடத்தில் வைத்து ஏறினேன். கல் பெயர்ந்த ஒரு வளைவில் முன்சக்கரம் தன் கோட்டிலேயே போனது.